பன்னிரண்டு மாடியும் ஒரு முற்றமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. சோம்பேறித்தனம் இல்லை, திருச்சியில் ஒரு ஆபீஸ் கட்டடம் கைக்கு வந்திருக்கிறது, பன்னிரண்டு மாடி. இதுவரை நான் பிளான் போட்டதெல்லாம் கும்பகோணத்தைச் சுற்றி வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு கிளினிக். மூன்று மாடிக்கு மேல் ஏறினதே இல்லை. பயமும் இருக்கிறது, கொஞ்சம் திமிரும் இருக்கிறது.

ஓனர் முதல் நாளே போனில் ஒரு படம் காட்டினார். நாலு பக்கமும் நீலக் கண்ணாடி. "இதே மாதிரி வேணும் மேடம், பைபாஸ்ல போறவன் திரும்பிப் பாக்கணும்." எனக்கு உன் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. போன சித்திரையில் நான் வந்தபோது உன் சீட்டுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் தெர்மகோலை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தீர்களே, ஒரு மூலை சூட்டில் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கென்று வைத்த கண்ணாடியை மறைத்துவிட்டு மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது, ஏசியை 18-ல் வைத்தும் நீ துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாய். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறேன். தெற்கு வெயில் சொன்ன பேச்சு கேட்கும். மார்கழியில்கூட திருச்சியில் உச்சிவேளைச் சூரியன் சுமார் 56 டிகிரி உயரத்தில் நிற்கும், நாலடி ஜன்னலுக்கு இரண்டே முக்கால் அடி சன்ஷேடு போட்டால் அந்த நேரத்துக்குத் தீர்ந்தது. வடக்கே வெயிலே படாது என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் சாய்ந்திருக்கும், அதனால் அங்கேயும் சின்னதாக ஒன்று. மேற்குதான் அடங்காது. சாயங்கால வெயில் படுத்துக்கொண்டே உள்ளே வந்துவிடும், சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அதற்கு அடியில் நுழையும்.

அதனால் மேற்கு முழுக்க லிஃப்ட், மாடிப்படி, கக்கூஸ். மலேசியாவில் கென் யாங் என்ற ஆர்க்கிடெக்ட் 1992-இல் முடித்த மெனாரா மெசினியாகா கட்டடத்தில் கிழக்கு வெயிலுக்கு இதைத்தான் செய்தார். சிக்கல் என்னவென்றால் நம்ம மனைக்கு ரோடு மேற்கே. "மூஞ்சியில போயி கக்கூஸா?" என்று ஓனர் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது படிக்கட்டை முன்னால் நிறுத்தி, அதற்கு வெளியே செங்கல் ஜாலியை, அதாவது ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் சுவரை, மேலே வரை எழுப்பி வரைந்திருக்கிறேன். வெயில் பொடிப்பொடியாகப் படியில் விழும். பைபாஸில் போகிறவன் அதைத் திரும்பிப் பார்க்கட்டுமே.

இதற்கு நடுவில் அண்ணன் வீட்டுக் கதையைக் கேள். குரங்குத் தொல்லை என்று முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டு அடைத்துவிட்டான். சூடு மேலே ஏறிப்போக வழியில்லை, கூடத்தில் இரண்டு ஃபேன் ஓடியும் அண்ணி ராத்திரி திண்ணையில்தான் படுக்கிறாள். கம்பி வலை போடுடா என்று நான் முதலிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். முற்றத்தின் அருமை தெரிந்தவர்கள் அதை மாடிக் கட்டடத்திலேயே வைத்திருக்கிறார்கள். சவுதியில் ஜெத்தாவில் 1983-இல் முடிந்த நேஷனல் கமர்ஷியல் வங்கிக் கட்டடம் 27 மாடி, முக்கோண வடிவம். வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது என்று சொல்லலாம், பெரிய பெரிய சதுரத் திறப்புகள் மட்டும், ஆபீஸ் ஜன்னல்கள் அதற்குள் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முற்றத்தை ஆகாயத்தில் அடுக்கிய மாதிரி. நானும் தெற்கே நாலு மாடிக்கு ஒன்றாக அப்படி ஒரு திறப்பு விட்டேன். ஓனர் உடனே கால்குலேட்டரை எடுத்து எத்தனை சதுர அடி வாடகை போகிறது என்று தட்ட ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏசியே வேண்டாம் என்று நானும் வீம்பு பிடிக்கவில்லை, இந்தப் புழுக்கத்தில் நூறு பேர் கம்ப்யூட்டரோடு உட்கார அது வேண்டும்தான். நிழலைப் போட்டுவிட்டு அப்புறம் ஏசி போடலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறான், அதிலாவது புத்தியோடு இருக்கிறான்.

எனக்கு ஒரு உதவி செய். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் மாடியில் மேற்குப் பக்கம் எத்தனை திரை இறங்கியிருக்கிறது, எத்தனை தெர்மகோல் ஒட்டியிருக்கிறது என்று எண்ணி, முடிந்தால் போட்டோவும் எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை ஓனரோடு மறுபடி உட்கார வேண்டும்.

உன்
வசந்தி