ஜூனோ கடற்கரையில் உன் பேத்தி

திருகோணமலை
2024 ஜூலை

அன்பு மச்சான்,

பிரான்சின் ஜூனோ கடற்கரையில் நடந்த நினைவு நிகழ்வில் பேத்தி ட்ரம்பெட் ஊதிய படங்களும் அந்தச் சின்ன வீடியோவும் வந்து சேர்ந்தன. வீடியோவை எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பிள்ளையின் தொப்பி இறகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, ஆனால் அவள் கண் அசையவேயில்லை. போரில் இறந்தவர்களுக்காக ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்' இசையை ஊதும்போது ட்ரம்பெட்டின் கட்டை ஒன்றைக்கூட அவள் அழுத்தவில்லை, கவனித்தாயா? அது கட்டைகளே இல்லாத ஊதுகொம்பான பியூகிளுக்கான இசை. ஏற்ற இறக்கமெல்லாம் உதட்டாலும் மூச்சாலும்தான் வரவேண்டும். சாரணர் படையில் நான் பியூகிள் பழகியபோது அந்த மேல் சுரம் பிடிபட ஒரு வருடம் எடுத்தது. கடற்காற்றுக்குள் நின்று அவள் அதைப் பிசகாமல் பிடித்திருக்கிறாள். என் வாழ்த்தைக் கட்டாயம் சொல்லு.

சக்கர நாற்காலியில் இருந்தபடி சல்யூட் அடித்த முதியவர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் படைகளை எதிர்த்து 1944 ஜூன் 6 அன்று அந்தக் கரையில் இறங்கிய 14,000 கனடியர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தாய். வாசித்து முடிந்த பிறகும் பிள்ளையின் கையை அவர் விடவில்லை என்ற வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். இன்னும் சில வருடங்களில் அப்படிக் கைபிடிக்க அவர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இவ்வளவு செலவழித்து ஒரு பாண்ட் குழு பிரான்சுக்குப் போகவேண்டுமா என்று உன் மருமகன் கேட்டதை நான் ஏற்கவில்லை. இரண்டு வருடம் கார் கழுவியும் கேக் விற்றும் பிள்ளைகளே சேர்த்த காசு அது. இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது.

கடிதம் வந்த மறுநாள் விடிய, சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவெளி வீதியில் இருக்கும் இரண்டாம் உலக யுத்த மயானத்துக்குப் போனேன். பாடசாலைக் காலத்தில் எத்தனை தரம் அதைத் தாண்டிக் கடலுக்குப் போயிருப்போம், ஒரு நாளாவது உள்ளே போனோமா? அதிகாரியென்றும் சிப்பாயென்றும் பேதமில்லாமல் வரிசை வரிசையாகக் கற்கள். ஒன்றில் வயது 19. பனியில் நனைந்திருந்த அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டபோது அம்மாவுக்கு எட்டு வயது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையை நாள்கணக்காகப் பார்த்ததாகச் சொல்லுவா. அதே நாளில்தான் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது, 300 பேருக்கு மேல் போனார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, தெற்கே கொக்கலையிலிருந்து பறந்து அந்த ஜப்பான் கடற்படையை முதலில் கண்டு சேதி அனுப்பியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடிய விமானி. சேதி போய்க்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைபிடித்தார்கள். கனடாவில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கதையை நீ சொல்லவேண்டும். அவள் ஊதியதில் நம் ஊருக்கும் பங்குண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மச்சான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது, கல்லே இல்லாமல் போன நம் ஆட்களின் நினைவுதான் வந்தது. என்னோடு படித்தவர்களில் இரண்டு பேருடைய தாய்மார் எந்த இடத்தில் ஒரு பூ வைப்பது என்று தெரியாமலே கண்ணை மூடினார்கள். அந்த 19 வயதுப் பையன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைத்திருக்கவேண்டும் என்ற ஏக்கம்தான்.

ஆடி அமாவாசை வருகிறது. வழமைபோல அப்பாவுக்குக் கடலில் தர்ப்பணம் கொடுப்பேன். கடைசியில், தாய் தந்தை சுற்றம் யாருமில்லாதவர்களுக்கும் என்று ஐயர் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லுவார். இந்த முறை அதை யாரை நினைத்து விடுவது என்று எனக்குத் தெரியும்.

சரி, ஒரு கேள்வி. வருகிற ஏப்ரலில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரமுடியுமா? 9ஆம் திகதிக்கு முன் வந்தால் நல்லது. ட்ரம்பெட்டையும் கொண்டுவரச் சொல்லு. முன் அறை சும்மாதான் கிடக்கிறது, தங்கச்சியிடம் சொல்லி வெள்ளையடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பியூகிள்காரன்