தீவகத்து வளவும் கிணற்றின் அளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1990களில் விட்டுப்போன வளவுகளுக்கு (வீட்டுக் காணிகளுக்கு) உரியவர்கள் திரும்பிவந்து பற்றை வெட்டுவதும் வீடு எழுப்புவதும் எங்களுக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. ஆனால் பல வளவுகளில் முதல் வேலையாகக் கல்வேலியைத் தள்ளி விழுத்துகிறார்கள், முற்றம் முழுவதும் சீமெந்து போடுகிறார்கள், குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். பழைய வளவு எப்படி இயங்கியது என்று தெரிந்தால் இந்த மூன்றையும் யாரும் செய்யமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். தீவுகளில் ஆறில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. முற்றம் முழுவதும் சீமெந்து போட்டால் அந்த மழை இறங்க இடமில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. பொந்தும் வெடிப்புமான எங்கள் கல்லில், சிறு தீவொன்றில், அதுவும் கிடைப்பதில்லை. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே அரை அடி இறங்கினால் கீழே உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். ஆழமாகத் துளைத்து மெசினால் இழுக்கும்போது உப்பைத்தான் கூப்பிடுகிறோம். ஒருமுறை உவர் ஏறிய கிணறு அடுத்த மாரியிலேயே தெளியும் என்று நம்பியிருக்க முடியாது.

முன்னோர் கிணற்றை ஆவணியில் வெட்டினார்கள். நீர் மிகக் கீழே நிற்கும் காலம் அது. நீர் கண்டபின் இரண்டு மூன்று அடிக்கு மேல் ஆழப்படுத்துவதில்லை, போதாவிட்டால் அகலப்படுத்தினார்கள். குடிக்கும் கிணறு வேறு, தோட்டக் கிணறு வேறு, மாட்டுக்குக் கேணி வேறு. இறைப்பு துலா எனும் ஏற்றத்தால். ஆடுகால் எனும் தூண்களில் அச்சுலக்கை எனும் குறுக்குத்தடி, அதன்மேல் துலா எனும் நீள மரம். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் பட்டை எனும் இறைகூடையைப் பிடித்து ஊற்ற, மூன்றாமவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்புவார். தகப்பனும் மகனும் மிதிப்பிலும் பட்டையிலும் நின்றால், தண்ணீர் கட்டுவது தாயோ வளர்ந்த பிள்ளையோ. ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும், அந்த இடைவேளையில் கிணறு ஊறும். புகையிலை, மிளகாய்த் தோட்டத்தின் பரப்பை அந்தக் குடும்பத்தின் கால்பலம்தான் முடிவுசெய்தது. இன்று துலா மிதிக்கச் சொல்லவில்லை. சிறிய பம்பை வைத்து, அரைமணி இறைத்தால் அதைவிடக் கூடுதலான நேரம் நிறுத்தி வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். நுனிக்குழாயைக் கிணற்றின் அடியில் போடாமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்க விட்டால், மட்டம் இறங்கியதும் இழுப்புத் தானாக நின்றுவிடும். ஆள் அருகில் நின்று பம்பையும் நிறுத்த வேண்டும்.

கல்வேலிக்கும் இதில் பங்குண்டு. தோட்டம் திருத்தும்போது எடுத்த முருகைக்கல்லையே (பவளக்கல்லையே) சாந்தில்லாமல் அடுக்கினார்கள். அடி அகலம், மேல் ஒடுக்கம், இரண்டு முகத்துக்கும் நடுவில் சிறுகல். வைகாசி தொடங்கி வீசும் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அந்த இடுக்குகளால் நுழைந்து வேகம் குறைந்து வரும். சீமெந்து மதிலில் மோதிய காற்று மேலே ஏறி உள்ளே சுழன்று விழுந்து நாற்றை முறிக்கும், மண்ணின் ஈரத்தையும் கொண்டுபோகும். மாரி வெள்ளத்துக்கும் மதிலில் வழியில்லை. கல்வேலி சரிந்தால் ஒரு நாள் வேலையில் கையாலேயே மீள அடுக்கலாம். மாடு நுழையாமல் ஆள் ஏறிக் கடக்கக் கடப்பு, வண்டிக்குப் படலை: இந்த இரண்டைத் தவிர எதையும் உடைக்கத் தேவையில்லை.

இனிப் பனை. வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று வடலிகளை (இளம் பனைகளை) எரிப்பதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. ஒரு பனை பயன்தர பதினைந்து ஆண்டுக்கு மேல் வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் உணவு தந்த மரம் அது. ஆடி, ஆவணியில் பழம் விழும். களியைப் பிசைந்தெடுத்துப் பந்தலில் விரித்த ஓலைப்பாயில் நாளுக்கொரு பூச்சாக ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. முந்தின பூச்சுக் காயுமுன் அடுத்ததை ஊற்றினால் நடுவில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரவுப் பனி படாமல் மூடவும் வேண்டும்.

களி எடுத்த கொட்டை பனங்கிழங்குக்காகப் பாத்திக்குப் போகும். மணலை இரண்டடி உயரத்துக்குக் கூட்டி, மேலே கொட்டையை நெருக்கமாக அடுக்கி, மெல்ல மண் தூவி, மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். பாத்தியின் அடியில் கல் இருந்தால் கிழங்கு கோணிப்போகும், கிண்டும்போது முறியும். தண்ணீர் தேங்கினால் அழுகும். தை, மாசியில் கிண்டாமல் விட்டால் ஓலை வெளிக்கிட்டுக் கிழங்கு தும்பாகிவிடும். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் ஒடித்தால் ‘டக்’ என்று முறியும்வரை காய வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி விழும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இரண்டு மூன்று தரம் வடித்தால்தான் காறல் போகும். அதன்பின்தான் பிட்டும் கூழும். மீன் கிடைக்காத காற்றுக் காலத்தில் பல வீடுகளில் அடுப்பு இதனால்தான் எரிந்தது. கிழங்கு எடுத்த கொட்டைக்குள் இருக்கும் பூரான் எனும் பருப்பு பிள்ளைகளுக்குத் தின்ன, ஊமல் எனும் வெறும் கொட்டை விறகுக்கு. கூரையிலிருந்து இறக்கிய பழைய ஓலை தோட்டத்தில் பசளையாகப் புதையும். அந்த ஓலை மட்கிய மண் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இறைப்பும் குறையும்.

பிரதேச சபைகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். தீவகத்தில் வீட்டுக்கு அனுமதி கொடுக்குமுன் கிணறு எங்கே, மலக்குழி எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கல்லில் அழுக்கு வடிபடாமல் ஓடும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 100 அடி வேண்டும். கூரைத் தண்ணீர் குடிகிணற்றருகே மண்ணில் இறங்க இடம் விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீடு கட்டுவோர் ஆவணி முடிவில் ஒரு போத்தல் கிணற்று நீரைக் கொண்டுபோய் உவரளவு பார்த்து எழுதிவைக்கட்டும். அடுத்த ஆவணியில் அந்த அளவு கூடியிருந்தால், இறைப்பை அன்றே பாதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தீவகத்துத் தோட்டக்காரர் சிலர்