தாள் போனால் கிட் போனதுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடல் ரயில் சேகரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கிட் (துண்டுகளை ஒட்டி மாடல் ரயிலோ ஸ்டேஷனோ செய்துகொள்ளும் பெட்டி) எங்கே கிடைக்கும், என்ன விலை போகிறது, பெட்டி கிழியாமல் இருந்தால் எவ்வளவு கூடும் என்றெல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தார்கள். பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. விலை பேசுகிறவருக்கு அது வேண்டாத காகிதமாக இருக்கலாம். உட்கார்ந்து ஒட்டுகிறவனுக்கு அது இல்லாமல் வேலை ஓடாது.

சக்கரம் தொலைந்தால் வேறு வாங்கலாம், ஜன்னல் உடைந்தால் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். தாள் தொலைந்தால் எந்தத் துண்டு எதன் மேல் உட்காரும், எதை முதலில் ஒட்ட வேண்டும் என்பதற்கு யாரைக் கேட்பது? அந்த கம்பெனியே பல கை மாறியிருக்கும். பிரிட்டனின் கிட்மாஸ்டர் ரயில் கிட்களை 1962-ல் ஏர்ஃபிக்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. பின்னாளில் துண்டுகளை வார்க்கும் அச்சுகள் டேபோல் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போயின. அச்சு இருந்தால் துண்டுகள் மறுபடியும் வார்க்கப்படும். பழைய தாளை மறுபடி அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

நம் பக்கம் காகிதம் என்ன பாடு படும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். கூத்தாநல்லூர், நாகூர் வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த கிட் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சிலரிடமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது திருத்துறைப்பூண்டியில் என் நண்பர் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. பிளாஸ்டிக் துண்டுகளை மனுஷன் ஒவ்வொன்றாகக் கழுவி, துணி விரித்துக் காயவைத்து எடுத்துவிட்டார். தாள்கள் கூழாகிவிட்டன. இன்றைக்கும் அந்தத் துண்டுகள் பிஸ்கட் டின்னில்தான் இருக்கின்றன.

அதனால் வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஆனால் போடுகிற விதம் ஒன்று இருக்கிறது. பலர் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, செல்போனில் சாய்வாக ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். படிக்க அது போதும், அளக்க உதவாது. அமெரிக்க மரக் கிட்களில் பலவற்றுக்குத் தாளில் இருக்கும் படமே வார்ப்புரு. அதன் மேல் எண்ணெய்த் தாளைப் பரப்பி, மரக்குச்சிகளைக் கோட்டின் மேலேயே வைத்து ஒட்ட வேண்டும். அங்கே அளவு ஒரு இழை பிசகினாலும் சுவரும் கூரையும் சேராது.

அது பிசகுவது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில்தான். அமெரிக்கத் தாளின் அகலம் 216 மில்லிமீட்டர். நம்முடைய ஏ4 தாளின் அகலம் 210. கடைக்காரத் தம்பி நல்லெண்ணத்தில் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்பதை அழுத்தினால் படம் முழுவதும் சுமார் 3 சதவீதம் சுருங்கும். 200 மில்லிமீட்டர் சுவர் 194 ஆகிவிடும். எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கில், இந்த 6 மில்லிமீட்டர் நிஜக் கட்டடத்தில் அரை மீட்டருக்கும் மேல். ஆகவே ஸ்கேன் செய்யும்போது தாளின் ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்துவிடுங்கள். அச்சு எடுத்த பிறகு படத்திலுள்ள ஸ்கேலின் மேல் நிஜ ஸ்கேலை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்கேன் குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், கோட்டுப் படங்களுக்கு 600. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். பென்சிலில் யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கிட் எண்ணைச் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் தேடுகிறவர் கண்ணில் படாது. அமெரிக்காவின் ஏதர்ன் (Athearn) கம்பெனியின் நீலப் பெட்டி கிட்களில் வரும் பிரித்துக் காட்டிய படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டிருக்கும். உதிரிபாகம் தேடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். படத்தை ‘அழகாக்குகிறேன்’ என்று கிளம்பி அந்த எண்ணை மங்கலாக்குகிறவர்களை என்ன செய்வது? குறுக்கே தன் பெயரைப் பெரிதாகப் பொறித்துப் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். வரைந்தது யாரோ, மடித்து வைத்திருந்தது மட்டும்தான் இவர் வேலை. ஒரு விற்பனையாளர் என்னிடம் ஜெராக்ஸுக்கு மட்டும் கிட்டின் பாதி விலை கேட்டார்.

பதிப்புரிமை என்னாவது என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. கம்பெனி மூடிவிட்டதால் உரிமை காற்றில் போய்விடாது, வாங்கியவரிடம் போயிருக்கும். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் பெயரில்லாமல் வந்த படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. இன்றும் கடையில் விற்கும் கிட்டின் தாளைத் தூக்கிப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாமே. பெயர்கூட மறந்துபோன கம்பெனியின் தாளைப் போட்டுவிட்டு, உரியவர் வந்து சொன்னால் எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. வக்கீல்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வெள்ளைக்காரன் ஊர் ஸ்டேஷனை ஒட்டும் தாள் நமக்கெதற்கு என்று என் மைத்துனரே கேட்டார். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் விட்டது அந்த ஊர் கம்பெனிதான். கம்பத்தின் கை கீழ்நோக்கிச் சாய்ந்தால் ரயில் போகலாம் என்ற அதே சிக்னல் நம் மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களிலும் நின்றது. 1986-ல் மூடிய மயிலாடுதுறை - தரங்கம்பாடிக் கிளைப் பாதையை மேஜை மேல் திரும்ப ஓடவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குக் கிட் என்று கடையில் எதுவும் கிடையாது, எல்லாம் கையால் செய்ய வேண்டியதுதான். சிக்னல் கை ஆட மெல்லிய கம்பியை எந்தத் துளை வழியே கொண்டு போவது, ஓட்டுக் கூரையின் முகட்டை எப்படி மூடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை பழைய பிரிட்டன் தாள்கள்தான். ஏர்ஃபிக்ஸின் சிக்னல் கேபின் கிட்டே இங்கிலாந்தின் ஓக்கம் ஊரில் நிஜமாக நிற்கும் கட்டடத்தைப் பார்த்துச் செய்ததுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஒரு நூலகமே நடக்கிறது. நோட்டீஸுக்கு உள்ள மரியாதை இந்தத் தாள்களுக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

உங்கள் இதழில் கால் பக்கம் ஒதுக்கினால், எந்த ஊரில் எந்தத் தாள் இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று வாசகர்கள் எழுதிக்கொள்ளலாம். நான் ஸ்கேன் செய்து வைத்திருப்பவற்றின் பட்டியலைத் தனியே அனுப்புகிறேன், கேட்பவர்களுக்குக் காசில்லாமல் தருகிறேன். திருத்துறைப்பூண்டி நண்பரின் டின்னில் இருப்பது நான்கு சக்கரக் கூட்ஸ் வண்டிகளும் ஒரு நடைமேம்பாலமும் என்று துண்டுகளைப் பார்த்து ஊகித்திருக்கிறோம். துண்டுகளின் புகைப்படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடையாளம் தெரிந்தவர்கள் கிட் எண்ணை மட்டும் சொன்னாலே போதும்.

வாசகர்,
மயிலாடுதுறை.