எங்கள் ஸ்லிங் ஏன் இளஞ்சிவப்பாக இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மதுக்கூடத்தின் புதிய பட்டியலில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்’ என்ற பானத்தைச் சேர்த்ததிலிருந்து, சிங்கப்பூர் ஸ்லிங்கின் மூதாதை என்று எழுதிவிட்டு நுரையும் அன்னாசியும் இல்லாத, ஏறக்குறைய நிறமே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கேட்பது நியாயம்தான் என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இன்று உலகெங்கும் சிங்கப்பூர் ஸ்லிங் என்று அறியப்படும் பானத்தில் 30 மில்லிலிட்டர் ஜின்னுக்கு 120 மில்லிலிட்டர் அன்னாசிச் சாறு சேர்கிறது. அந்தச் சாற்றைக் குலுக்குவதால் நுரையும், செர்ரி மதுவாலும் மாதுளைச் சிரப்பாலும் நிறமும் உண்டாகின்றன. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியில் பணியாற்றிய ஹைனானியச் சீனரான நியாம் தொங் பூன் 1915-இல் இதை உருவாக்கினார் என்று அவ்விடுதி கூறுகிறது. அந்தப் பெருமையில் நாங்கள் குறுக்கிடவில்லை. எனினும், நாங்கள் எடுத்துக்கொண்ட பழைய அச்சுக் குறிப்புகள் மூன்றிலும், அதாவது 1922, 1930, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளியான குறிப்புகளில், அன்னாசி என்ற பேச்சே இல்லை. மூன்றிலும் கடைசியில் ஊற்றச் சொல்வது சோடாவைத்தான். ஃபிரேசரும் நீவும் 1883-இலேயே சோடாத் தொழிலைத் தொடங்கிவிட்ட ஊர் சிங்கப்பூர் என்பதால் அதில் வியப்பில்லை.

இவற்றுள் நாங்கள் பின்பற்றுவது, மதுக்கலவை வல்லுநரான ராபர்ட் வெர்மெய்ர் 1922-இல் லண்டனில் வெளியிட்ட குறிப்பு. சிங்கப்பூரில் நன்கு அறியப்பட்ட பானம் என்று சொல்லி, அரை கில் ஜின், அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) கில் பெனடிக்டின் என்ற மூலிகை மது, அதே அளவு ‘டிரை செர்ரி பிராந்தி’, அரை எலுமிச்சையின் சாறு, ஆரஞ்சு பிட்டர்ஸ் (கசப்புச் சாரம்) இரண்டு உதறல், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு உதறல் என்று அவர் அளவு தருகிறார். கில் என்பது பிரிட்டனில் 142 மில்லிலிட்டர், அமெரிக்காவில் 118. நூல் லண்டனுடையது என்பதால் பிரிட்டிஷ் அளவையே கொண்டோம். அப்படிக் கணக்கிட்டால் ஜின் மட்டும் 71 மில்லிலிட்டர் வருகிறது. ஒரே கோப்பைக்கு இது மிக அதிகம். எனவே நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தைக் குலைக்காமல், ஜின்னை 45 மில்லிலிட்டராகவும் மற்ற இரண்டையும் தலா 11 மில்லிலிட்டராகவும் குறைத்திருக்கிறோம். உதறலுக்கு, அதாவது புட்டியை ஒருமுறை உதறினால் விழும் துளிகளுக்கு, திட்டமான அளவு கிடையாது. புட்டியின் வாய்க்கு வாய் அது மாறும்.

உண்மையான சிக்கல் செர்ரியில்தான் இருக்கிறது. செர்ரி பிராந்தி என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்பனையாகி வந்திருக்கின்றன. ஒன்று, கோபன்ஹேகனின் ஹீரிங் போன்ற, சர்க்கரை சேர்ந்த அடர்சிவப்பு மது. மற்றொன்று, பழத்தைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கும், இனிப்போ நிறமோ இல்லாத கிர்ஷ். லண்டன் சவாய் விடுதியின் 1930-ஆம் ஆண்டுக் குறிப்பு ஜின்னைப் போல இரு மடங்கு செர்ரி பிராந்தியைக் கேட்பதால், அங்கே இனிப்பு வகையைத் தவிர வேறொன்றை எண்ண முடியவில்லை. வெர்மெய்ரோ ‘டிரை’, அதாவது இனிப்பற்றது, என்று எழுதுகிறார், பிட்டர்ஸிலும் இரண்டு வகை சேர்க்கிறார். இரண்டையும் தனித்தனியே கலந்து சுவைத்தபின் நாங்கள் கிர்ஷைத் தேர்ந்தெடுத்தோம். ஹீரிங் சேர்த்த கோப்பையில் செர்ரியே முந்திக்கொண்டு வருகிறது. கிர்ஷ் சேர்த்ததில் பெனடிக்டினின் மூலிகை மணம் தெளிவாகத் தெரிகிறது. கோப்பை வெளிறியிருப்பதற்கு இதுவே காரணம். இந்தத் தொழிலில் இருப்போரிடையே இது இன்னும் தீராத வாதம் என்பதால், சிவப்பாக வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஹீரிங் சேர்த்தே தருவோம்.

பெனடிக்டினைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சீனக் குடும்பங்களில் கொடுக்கும் அதே பிரெஞ்சு மதுதான் இது. அந்த மணம் வீட்டு நினைவைத் தூண்டியதாக இங்கு வருவோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஓரிடத்தில் மட்டும் இரு குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டோம். வெர்மெய்ர் சொல்லும் மஞ்சள் எலுமிச்சையின் சாற்றையே பிழிகிறோம். ஆனால் மேலே வைக்கும் சுருள் தோல் பச்சை எலுமிச்சையுடையது. அது கீழைநாடுகளைச் சுற்றிவந்த அமெரிக்கரான சார்லஸ் பேக்கரின் 1939-ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ளது. அவர் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின் மூன்றையும் சம அளவில் கலக்கச் சொல்கிறார். அந்த விகிதம் எங்கள் நாவுக்குத் திகட்டியது.

அன்னாசி சேர்ந்த ஸ்லிங்கை நாங்கள் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, விலையும் இரண்டுக்கும் ஒன்றே. பழைய ஸ்லிங்கில் மதுவின் கடுமையை மறைக்கப் பழச்சாறு இல்லை என்பதையும், அளவைக் குறைத்த பின்னும் ஒரு கோப்பையில் வழக்கமான இரண்டு அளவு மது இருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு, மெதுவாக அருந்துமாறு கேட்டுக்கொள்கிறோம். 18 வயது நிறையாதவர்களுக்கு எதையும் பரிமாற இயலாது. கிர்ஷா, ஹீரிங்கா என்பதை வரவழைக்கும்போதே பணியாளரிடம் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
மதுக்கூட நிர்வாகத்தினர்,
சிங்கப்பூர்