349 ரூபாயில் நின்றுபோன வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமங்கலத்தில் வாங்கிய மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். அதிகாரி என் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். நான்கு கடன்கள்! மிக்சி, செருப்பு, மகளின் புத்தகப்பை என்று செயலியில் ‘பிறகு செலுத்தலாம்’ பொத்தானை அழுத்தி வாங்கியவை. அதில் 349 ரூபாய்த் தவணை ஒன்று இரண்டு மாதம் தாமதம். மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு போலத்தான் அதை நினைத்திருந்தேன். செயலிவழிக் கடன்களையும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதியாம். அந்தப் பொத்தானிலேயே ‘இது கடன்’ என்று தமிழில் பெரிதாகப் போட்டால் என்ன? ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம் என்பதும் திட்டு வாங்கிய பிறகே தெரிந்தது. மனையில் இப்போது கருவேலம் முளைத்துக் கிடக்கிறது.

– வாசகர், திருமங்கலம்