ஆமென் சொன்னதும் போன வச்சிருத

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டு வலி அப்படியேதான் இருக்கு, தைலத்த தேச்சுக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டுதான் இருக்கா, வலிக்குன்னு வீட்ல இருன்னா கேக்க மாட்டா. அங்க நீ, மருமவ, பாப்பா எல்லாரும் சொகமா இருக்க தெனமும் ஜெபிக்கேன்.

என்னடா அப்பா வாட்ஸாப்புல இம்புட்டு நீளமா எழுதுதாவளேன்னு நினைக்காத. போன்ல பேசத்தான் நினைக்கேன். நீ எடுத்ததும் "அப்பா ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிருவோமா"ங்க, நானும் கண்ண மூடிக்கிடுதேன், நீ பண்ணுத ஜெபம் நல்லாத்தான் இருக்கு, நம்ம சபை போதகர் ஐயர்கூட அம்புட்டு கோர்வையா பண்ண மாட்டாவ, ஆனா ஆமென் சொன்னதும் "சரிப்பா வைக்கேன்"னு வச்சிருத. நான் கேக்க வந்தது வாயிலயே நின்னு போகுது.

கேக்க வந்ததுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா. ஆபீஸ் பஸ் முன்ன மாதிரி ஆறரைக்கே வந்துருதா. சும்மாதான் கேக்கேன். போன வாரம் செவ்வாக்கெழம பதினோரு மணி வாக்குல கை பட்டு உனக்கு கால் போயிருச்சு, நீ எடுத்தப்ப பின்னால குக்கர் விசிலடிக்கிற சத்தம் கேட்டுது. லீவு போட்டுருப்பான்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவளும் ஆமா லீவாத்தான் இருக்கும்னா.

இங்க பதநீ சீசன் முடியப்போகுது. இந்த வருஷம் பனையேற ஆளே இல்ல, ஏறுதவங்களும் வயசானவங்க, அவங்க பிள்ளைக எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயாச்சு, அதனால சரக்கு கம்மி, வில கூட. இந்த மாதிரி வருஷம்தான் சீனிக் கலப்பு ஜாஸ்தியா வரும்னு உனக்கே தெரியும். பதநீ கொதிக்கும்போது சீனியத் தட்டி விட்டா எட கூடிரும், சிரட்டைல ஊத்தி எடுத்தா பாக்கதுக்கு நல்ல கருப்பட்டி மாதிரியேதான் இருக்கும், ஒடச்சாதான் வெளங்கும், உள்ள மினுமினுன்னு இருந்தா சீனி, மங்கலா இருந்தா நல்ல சரக்கு. மெட்ராஸ் யாவாரி ஒருத்தன் வந்தான், அண்ணாச்சி கலப்புச் சரக்கே போடுங்க, பில்லுல மட்டும் ஒரிஜினல்னு எழுதிருங்க, அங்க எவன் ஒடச்சுப் பாக்கப் போறான்னான். சொன்னதும் நல்ல வில. ஒரு லோடு அனுப்புனா இந்த வருஷத்து கடன் பாதி தீந்துரும். நான் ஒரு கருப்பட்டிய எடுத்து அவன் முன்னாலயே வாசக்கல்லுல தட்டி ஒடச்சு கைல குடுத்தேன், தின்னு பாரும், என்கிட்ட இந்தச் சரக்குதான் இருக்குன்னேன். தின்னான், நல்லாருக்குன்னான், கைய வேட்டில தொடச்சுட்டுப் போயிட்டான், பெறவு ஆளக் காணும். அன்னைக்கு எனக்கு வானத்துல இருந்து சத்தம் ஒண்ணும் கேக்கல மக்கா. மத்தேயு 5:37 மட்டும்தான் ஞாபகம் வந்துது, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள். நீ ஞாயிறு பள்ளில மனப்பாடமா சொல்லி டிபன் பாக்ஸ் வாங்குன வசனம்லா அது, அந்த டிபன் பாக்ஸ்ல அம்மா இன்னும் கடுகு போட்டு வச்சிருக்கா.

கடைய ஞாயித்துக்கிழம அடைக்கிறது உனக்குத் தெரியும். எதுத்த கடைக்காரன் அன்னைக்குத்தான் நல்லா விக்கான். வருஷா வருஷம் தராசுக்கு முத்திரை போட தொழிலாளர் துறை ஆபீஸ்ல போய் நிக்கதும் அப்படித்தான், பக்கத்துல பல பேரு நிக்கது இல்ல, எவன் வந்து பாக்கான்னு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானதுன்னு சாலொமோன் எழுதி வச்சிருக்கான், அவனும் ராஜாவா இருந்துக்கிட்டு தராசப் பத்தி யோசிச்சிருக்கான் பாரேன்.

இத எதுக்கு எழுதுதேன்னா, நீ வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா. பிரேக்ல மாட்டுற ஏதோ சாமான், ஒரு லாட் முழுக்க அளவு பாக்குற கேஜ்ல நிக்கல, அளவு தப்பு, மேல உள்ளவரு வந்து வண்டி வாசல்ல நிக்கு, கையெழுத்தப் போட்டு அனுப்புன்னு நின்னாரு, நீ போட மாட்டேன்னுட்ட. சிவப்பு டேக் கட்டி ஓரமா ஒதுக்கி வச்சுட்டு கேண்டீன்ல போய் டீ குடிச்சேன், டம்ளரப் புடிக்க முடியாம கை நடுங்குச்சுப்பான்னு சொன்ன. அந்த வருஷம் உனக்கு இன்கிரிமென்டும் வரல. நான் அன்னைக்கு பெருசா ஒண்ணும் சொல்லல, சரி பாத்து இருந்துக்கன்னுட்டு வச்சுட்டேன். ஆனா மறுநாள் கடைக்கு வந்தவன் போனவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கருப்பட்டி வாங்க வந்த பொம்பளைக்கு கேஜுன்னா என்னன்னு வெளக்கிக்கிட்டு இருந்தேன், அம்மா உள்ள இருந்து தலையில அடிச்சுக்கிட்டா. எவனோ ஒரு மனுசன் ஒரகடம் ரோட்டுல மழைக்குள்ள பைக்ல பிள்ளைய முன்னால உக்கார வச்சுக்கிட்டு பிரேக் போடுவான், வண்டி நிக்கும். அவனுக்கு உன் பேரு தெரியாது. அத விட என்ன ஊழியம்லே வேணும்.

நாளைக்கு அந்தச் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்தா போடுன்னதும் போட்டுருவான்லா. உக்காந்துட்டான்னு சொல்லல. உக்காந்தா.

உன் மச்சான் இங்க ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தப்ப பேச்சுவாக்குல சொன்னான், நீங்க போற உபவாச ஜெபத்துல ஒரு சகோதரர் உன் தலைல கை வச்சு, மீன் வலைய விட்டுட்டு இயேசு பின்னால போன சீஷர் மாதிரி, வலைகள விட்டுட்டு வான்னு கர்த்தர் சொல்லுதாருன்னு சொன்னாவளாம். நான் அதப் பத்தி நல்லதுன்னும் சொல்லல கெட்டதுன்னும் சொல்லல. உன் விசுவாசத்துல எனக்குச் சந்தேகம் இல்ல, நான் உன் வயசுல கோயில்ல பின் பெஞ்சுல உக்காந்து தூங்குனவன், நீ அப்படி இல்ல, அது எனக்குப் பெருமைதான். ஆனா 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்த நிதானமா ஒரு தடவ வாசி. யூதாவுல இருந்து வந்த தேவனுடைய மனுஷன்கிட்ட அப்பம் புசிக்காத, தண்ணி குடிக்காத, போன வழியா திரும்பாதன்னு கர்த்தர் நேரடியா சொல்லி அனுப்புதாரு. ராஜா யெரொபெயாம் கூப்பிட்டே அவன் போகல. அப்பேர்ப்பட்டவன், ஒரு கெழட்டுத் தீர்க்கதரிசி வந்து உன்னப் போல நானும் தீர்க்கதரிசிதான், தூதன் என்கிட்ட சொன்னான், வா சாப்பிடுன்னதும் பின்னாலயே போயிட்டான். அந்தக் கெழவன் பொய் சொன்னான்னு வேதத்துலயே போட்டிருக்கு. ஆனா திரும்புற வழியில சிங்கம் அடிச்சது யார, பொய் சொன்னவனயா, நம்புனவனயா. வாசிச்சுப் பாரு.

நான் இப்படிச் சொன்னா நீ உடனே நீதிமொழிகள் 3 சொல்லுவ, போன கிறிஸ்மஸுக்கு வந்தப்பவும் "சுயபுத்தியில பேசாதீங்கப்பா"ன்ன, அம்மா முன்னால, மருமவ முன்னால. எனக்கு கோவம் வந்துது, சோத்துல கைய வச்சுக்கிட்டு இருந்ததால பேசல. சுயபுத்தியின்மேல சாயாதன்னுதான் போட்டிருக்கு, இருக்குற புத்தியக் கழட்டி வைன்னு போடல. அதே எடத்துல உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்னு இருக்குலா, வழிகளிலெல்லாம்னா வாடகை குடுக்க வழி, ஈ.எம்.ஐ. கட்டுற வழி, பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடுத வழி எல்லாம் சேத்துதான். புது வருஷ ராத்திரி ஆராதனைல வசனம் எழுதுன வாக்குத்தத்த அட்டை எடுத்தப்ப நம்ம வீட்டுக்கு அதேதான் வந்துது, கல்லாப்பெட்டிக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன், யாவாரம் இல்லாதப்ப அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அசரியா பேராயரச் சொல்லுவ, அதுவும் தெரியும். உன்ன சின்னதுல சைக்கிள் முன்னால வச்சு வெள்ளாளன்விளைக்கு கூட்டிட்டுப் போய் அவர் பொறந்த ஊரு இதுதான்னு காட்டுனது நான்தான். அவரும் ஒய்.எம்.சி.ஏ. வேலைய விட்டுட்டு டோர்னக்கல்லுக்குப் போகலியாம்ப. போனாருதான். ஆனா 1903ல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சதுல முன்னால நின்னவரு, 1909லதான் தானே கெளம்பிப் போறாரு, நடுவுல வேலையையும் பாத்தாரு சங்கத்தையும் பாத்தாரு, போற எடத்துக்காக தெலுங்கு படிச்சாரு. 1912ல இந்தியருல மொத ஆங்கிலிக்கன் பேராயர் ஆனதெல்லாம் பெறவு. அவரு போறப்ப பின்னால ஒரு சங்கம் இருந்துது, திருநெல்வேலிச் சபைகள் இருந்துது, ஏழை சனங்க குடுத்த காணிக்கை இருந்துது. இப்ப ஒருத்தன் போறான்னு வச்சுக்க, அவன் பின்னால யாரு இருக்கா. தலைல கை வச்ச சகோதரர் வீட்டு வாடகைய கட்டுவாரா. பொதுவாத்தான் கேக்கேன். பவுலே கொரிந்துல ஆக்கில்லா வீட்ல தங்கி கூடாரம் தச்சுத்தான் சாப்பிட்டிருக்காரு. தையல் ஊசியப் புடிச்சதால அவரு அப்போஸ்தலர் இல்லன்னு ஆயிருச்சா.

மருமவ நேத்து அம்மாகிட்ட பேசுனா. ஒண்ணும் சொல்லல. அவ வளையல அடகு வச்சா வட்டி எம்புட்டு வரும்னு ஒரு சினேகிதிக்காகக் கேட்டாளாம், அம்புட்டுதான். சினேகிதிக்குத்தான்னு ரெண்டு தடவ சொன்னாளாம். அம்மா ராத்திரி பூரா தூங்கல, நான் தூங்குற மாதிரி படுத்திருந்தேன். சொந்த வீட்டாரப் பாக்காதவனப் பத்தி 1 தீமோத்தேயு 5:8ன்னு ஒரு வசனம் இருக்கு, அத இங்க எழுத எனக்கு மனசு வரல, உனக்குத் தெரியாத வசனம் இல்ல.

ஒண்ணு சொல்லணும். எனக்குப் பயமும் இருக்குலே. சாமுவேல் பையன கர்த்தர் கூப்பிட்டப்ப ஆசாரியன் ஏலிக்கு வயசாகி கண்ணு மங்கிப் போச்சு, பையன் எந்திச்சு ஓடி வரும்போது நான் கூப்பிடல, போய்ப் படுன்னான், மறுபடியும் வந்தான், மறுபடியும் போய்ப் படுன்னான். மூணாவது தடவதான் இது கர்த்தர்னு அவனுக்கு வெளங்குது. நானும் அந்தக் கெழவன் மாதிரி உன்ன போய்ப் படுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேனோன்னு படுத்தா நினைப்பு வருது. நெசமாவே அவர் உன்னக் கூப்பிட்டா தடுக்க நான் யாரு, உங்க அம்மாதான் நீ வயித்துல இருக்கும்போதே உன்ன ஒப்புக்குடுத்து ஜெபம் பண்ணுனவளாச்சே. இப்ப அவளே அழுதுக்கிட்டு இருக்கா, அது வேற.

ஆனா அதே அதிகாரத்துல 15ஆம் வசனத்தப் பாரு. ராத்திரி அம்புட்டு பெரிய காரியத்தக் கேட்ட பையன், விடியற வரைக்கும் படுத்திருந்துட்டு, எந்திச்சு கர்த்தருடைய ஆலயத்துக் கதவுகளத் தொறந்தான்னு இருக்கு. ஊரக் கூட்டல, எங்கயும் ஓடல. தெனமும் தொறக்குற கதவத் தொறந்தான். தாவீத சாமுவேல் அபிஷேகம் பண்ணுனதுக்கப்புறமும் அவன் ஆடு மேய்க்கத்தான் போனான், ராஜா சவுல் ஆள் அனுப்பும்போதுகூட ஆட்டுக்கிட்டதான் நிக்கான். அவங்களக் கூப்பிட்டதும் கர்த்தர்தான். அதனால கூப்பிட்டாருன்னா கூப்பிடட்டும், அதுக்குள்ள தொறக்க வேண்டிய கதவப் பூட்டிராத. நம்ம ஐயர்கிட்ட ஒரு வார்த்த பேசு, அந்த ஆபீஸ்ல உனக்கு நல்லது நினைக்கிற ஒரு ஆள்கிட்ட பேசு. கடுதாசி ஏதும் குடுத்திருந்தாலும் அத திரும்ப வாங்க நாள் குடுப்பாவன்னு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான், நான் வேற ஒருத்தனுக்காகத்தான் அவன்கிட்ட கேட்டேன்.

கோயில் அசன விருந்துக்குப் பேரு குடுக்கணும், ஐயர் உன்ன பாடம் வாசிக்கச் சொல்லிருக்காவ, அன்னைக்கு மூணு பேரும் வந்துருங்க. மேல வீட்டு பெரியப்பாவுக்கு கண்ணு ஆப்ரேசன் முடிஞ்சுது, நல்லாத் தெரியுதாம், வந்தவங்க எல்லாரையும் கருத்துட்ட கருத்துட்டன்னு சொல்லிக்கிட்டு இருக்காவ.

பழைய பாக்கி ஒண்ணு வந்துது, கொஞ்சம் துட்டு கைல நிக்கு. பாப்பா பீஸ நான் கட்டுதேன், ஸ்கூல்ல குடுத்த சலான மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பு, எதுக்கு ஏன்னு ஒண்ணும் கேக்க மாட்டேன். வளையல எங்கயும் வைக்க வேண்டாம்னு மருமவகிட்ட, சினேகிதிகிட்ட சொல்லச் சொல்லு.

அஞ்சு கிலோ கருப்பட்டியும் கொஞ்சம் பனங்கல்கண்டும் ஓலக்கொட்டான்ல கட்டி புதன்கெழம ராத்திரி பஸ்ஸுல போடுதேன், நல்ல சரக்கு, ஒடச்சுப் பாத்தே எடுத்தது. வியாழக்கெழம காலைல கிளாம்பாக்கத்துல போய் எடுக்கணும், வேல நாளு, உனக்கு ஆபீஸ் இருக்கும். அப்படின்னா மருமவள ஆட்டோ புடிச்சுப் போகச் சொல்லு. நீயே போறதா இருந்தா எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, டிரைவர் நம்பர உனக்கு அனுப்புதேன்.

இப்படிக்கு
அப்பா