கடலோர வீட்டுக்கு இன்சூரன்ஸ்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மக்களே,

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க இணையத்தில் பின்கோடு போட்டதுமே "இந்தப் பகுதிக்கு இல்லை" என்று வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதை வைத்து, கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் ஊரில் இருக்கிற நம் வீட்டுக்கு இன்சூரன்ஸே கிடையாது என்று விட்டுவிடாதே. கடல் பக்கத்து வீட்டுக்குப் பாலிசி வாங்குவது சிரமம்தான், ஆனால் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிரமம், அந்தப் பாலிசி எந்தச் சேதத்துக்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பது. அது தெரிந்த பிறகுதான் நீ பணம் கட்ட வேண்டும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வங்கிக் கடன் கோப்பை எடுத்துப் பார். கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள். பல பேருக்கு அது, கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கிற ஆயுள் காப்பீடாகத்தான் இருக்கும். சுவருக்கோ கூரைக்கோ அதில் ஒரு பைசா வராது. கட்டடத்துக்கே போட்டிருந்தாலும் தொகை கடன் பாக்கி அளவுக்கு மட்டும் இருக்கலாம். இழப்பீடும் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

புதிதாக எடுக்கும்போது பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர் சொல்லிக் கேள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாலிசி. வாசகம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்தது, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். தீ, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், தண்ணீர் புகுதல், நிலச்சரிவு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முன்பெல்லாம் புயலையும் வெள்ளத்தையும் கழித்துவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துத் தருகிற வழக்கம் இருந்தது. நம் கடற்கரையில் அப்படிப்பட்ட பாலிசியால் எந்தப் பிரயோசனமும் இல்லை. இணையத்தில் மறுத்தால் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு அரசு நிறுவனங்களில் ஒன்றின் கிளைக்கு நேரிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். "கடலோரம் எடுப்பதில்லை" என்று வாயால் சொன்னால் ஏற்காதே, மறுப்பை எழுத்தில் கேள். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று நாமே கேட்பது நல்லது.

தொகை போடுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நிலத்தின் விலை இதில் வராது, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. கார்பெட் பரப்பு, அதாவது வெளிச்சுவர் நீங்கலான உள்தரைப் பரப்பு, 1,000 சதுர அடி, கணக்குக்கு அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 22 லட்சம். படிவம் சதுர மீட்டரில் கேட்டால் 93 என்று போடு. இதற்கு மேல் மதில், கேட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு இவற்றின் செலவையும் சேர்க்க வேண்டும். அலை வந்தால் முதலில் விழுவது கடல் பக்கத்து மதில்தான், அதைச் சேர்க்க மறந்துவிடாதே. சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே கிடைக்கும். 22 லட்சத்துக்கு 4.40 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பின்னால் அறை எடுத்துக் கட்டி, கார்பெட் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் நிறுவனத்திடம் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டாதவரை அந்தப் பகுதிக்கு எதுவும் வராது.

இனிமேல் எழுதுவதை நீ இரண்டு முறை வாசிக்க வேண்டும். பாலிசியில் நிலம் இறங்குதல், சரிதல் என்ற இடத்துக்கு எதிரே விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். புதுக் கட்டடத்தில் இயல்பாக விழும் விரிசல், நிரப்பிய மண் அமுங்குவது, கடலரிப்பு, ஆற்றரிப்பு, மோசமான கட்டுமானம் எல்லாம் அதில் வரும். அதாவது கடல் ஒரே ராத்திரியில் ஏறி வந்து சுவரைத் தள்ளினால் பணம் உண்டு. மாதக் கணக்கில் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போய், அஸ்திவாரம் தொங்கி, சுவர் வெடித்தால் கிடையாது. இரையுமன்துறை மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆற்று முகத்துவாரமும் உள்ள இடத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது லேசான காரியம் இல்லை.

ஊரில் எது நடந்தாலும் "கடலரிப்பு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வி.ஏ.ஓ. சான்றிதழிலும் அதே சொல் ஏறுகிறது, கிளெய்ம் படிவத்திலும் அதையே எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லே மறுப்புக்குப் போதும். பொய் எழுதச் சொல்லவில்லை மக்களே. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி, தண்ணீர் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, தரையில் இருந்து எவ்வளவு உயரம் நின்றது, முதலில் எது விழுந்தது. கள்ளக்கடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காற்றே இல்லாத நாளில், தூரத்துத் தெற்குக் கடலில் எழுந்த அலை இங்கே வந்து ஏறுவது அது. அதைப் "புயல்" என்று எழுதினால், அன்றைக்குப் புயல் எங்கே என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார், நம்மிடம் பதில் இருக்காது. "கடல் நீர் புகுந்தது" என்று எழுதுவதே சரி. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கை வெளியிடும். அந்த நாள் எச்சரிக்கையைச் சேமித்து வை. புயலுக்கு வானிலை மையத்தின் அறிக்கை.

இதற்கு ஆதாரம் சேதத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை, கடல் பக்கத்து மதில் மூலையில் இருந்து மணல் திட்டு உடைந்து இறங்குகிற விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, டேப்பும் மதிலும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். நம் கடல் கொந்தளிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை வாரம் ஒரு தடவை எடுக்கலாம். மே மாதம் 14 மீட்டர், ஜூன் 13.5 மீட்டர் என்று இருந்து, ஒரு ராத்திரியில் மதிலே போய்விட்டால் அந்தப் படங்களே பேசும். நான்கு சுவரின் உள்ளும் புறமும், கூரையின் அடிப்பக்கமும் பாலிசி தொடங்குகிற நாளில் எடுத்துவிட வேண்டும்.

கூரை என்றதும் இன்னொன்று. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். சர்வேயர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். பொள்ளல் சத்தம் கேட்டால் அது பழைய சேதம் என்று கழித்துவிடுவார். பெயர்ந்த இடத்தை இப்போதே கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்துப் பூசிவிட வேண்டும். புதிதாக எதைக் கட்டினாலும் கம்பியை மூடுகிற காங்கிரீட்டின் கனம் 45 மில்லிமீட்டர் இருக்கட்டும். அலைச் சாரல் படுகிற இடத்தில் 50. காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிற அளவு இது. கொத்தனார் 20 போதும் என்பார், கேட்காதே. தகரக் கூரையில் கொக்கி ஆணிகள் வளைவில்தான் துருப்பிடிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை நினைத்துக்கொண்டு வருஷா வருஷம் அவற்றைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பதை விண்ணப்பத்தில் மறைக்காதே. பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பற்றிப் பாலிசி என்ன சொல்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கு.

சேதம் நடந்தால் அன்றைக்கே தகவல், 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம். சர்வேயர் வரும் முன் இடிபாட்டை அள்ளாதே. அள்ளியே ஆக வேண்டும் என்றால் படமும் வீடியோவும் எடுத்துவிட்டுச் செய். இடிபாடு அகற்ற கிளெய்மில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியிலேயே உண்டு. கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

அரசு நிவாரணத்தை நம்பி இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிப்படி சமவெளியில் முழுதாக இடிந்த பக்கா வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அதை 22 லட்சத்தோடு வைத்துப் பார்.

கடலரிப்புக்கு மட்டும் எந்தப் பாலிசியும் கை கொடுக்காது என்பதை மனதில் வைத்துக்கொள். அதற்குக் கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவும், கரையோரக் கல் தடுப்பும்தான் வழி. ஊரோடு சேர்ந்து மனு கொடுப்பதில் உன் பெயரையும் சேர்க்கிறேன். வீடு உன் பேரில் இருப்பதால் கையெழுத்து வேண்டும், அனுப்பு. பட்டா, வீட்டு வரி ரசீது, பஞ்சாயத்து அனுமதி நகல் மூன்றும் இங்கே இருக்கின்றன. வங்கிக் கோப்பின் முதல் நான்கு பக்கத்தை வாட்ஸ்அப்பில் போடு. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் முதல் அளவை எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா